முதன்மை ஓட்டுநர்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். உன் தொண்டைக் கட்டு தேவலையா? ஆஸ்பத்திரி விசாரணை மேஜையில் நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு "எந்த வார்டுங்க?" என்று கேட்டுவிட்டு வருகிறவளிடம் நானும் போனில் தொணதொணக்கக் கூடாது. அதனால்தான் வழக்கம்போலக் கடிதம்.

ஆகஸ்டில் எங்கள் கால்நடை மருத்துவ வகுப்பைப் பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். ஆறு வாரப் பயிற்சி. விடியற்காலையில் பால் கறக்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பஸ்ஸும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டி இல்லாதவர்களுக்கு நகரத்து ஆய்வுக்கூடத்தில் இடம். ஆறு வாரமும் கண்ணாடிக் குழாய்களோடு குடித்தனம்.

போன ஞாயிறு, என் அறைத்தோழி நெட்டையும் நானும் வாடகை சைக்கிளில் ஒரு பண்ணை வரை போய்ப் பார்த்தோம். மூடுபனி. மாடுகளுக்குக் கால்களே தெரியவில்லை. கொம்பு முளைத்த மேகங்கள் போல வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்று என் பக்கம் வந்து கையில் மூச்சு விட்டது. அந்தச் சூடு அறைக்குத் திரும்பும் வரை கையிலேயே இருந்தது.

அப்பாவின் காரை விற்றுவிடாதே அம்மா. இன்ஷூரன்ஸ் முடிந்துபோனது தெரியும். அது இல்லாமல் தெருவில் சக்கரம் வைக்க முடியாது என்பதும் தெரியும். படிக்கிற பெண்ணுக்குக் கட்டுப்படியாகிற இன்ஷூரன்ஸ் எங்கேயாவது இருக்கும். நான் தேடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
சுண்டு

*

பிப்ரவரி 21

அன்புச் சுண்டுவுக்கு,

தொண்டை பரவாயில்லை. உனக்குச் சளி இருக்கிறது, எழுதாமல் மறைக்கிறாய். மூடுபனியில் சைக்கிளில் போனவளுக்குச் சளி பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

மெக்கானிக் வந்திருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ஓடாத வண்டி பூட்டின வீடு மாதிரிங்க. எலிக்குத்தான் லாபம். கைவசம் ஒரு ஆள் இருக்காரு, சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கோ ஓட்டத் தெரியாது. வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நேற்று திடீரென்று மழை. கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு கார் ஷெட்டுக்குள் ஓடினேன். உட்கார வேறு இடம் இல்லாததால் காரிலேயே, என் வழக்கமான பக்கத்து இருக்கையில், உட்கார்ந்தேன். தகரக் கூரையில் மழை. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. நின்றிருக்கும் ரயிலில் இருக்கும்போது அடுத்த ரயில் நகர்ந்தால் நாம் போவதாகத் தோன்றுமே, அப்படி ஷெட்டுச் சுவர் மெல்லப் பின்னால் போயிற்று. எங்கே போகிறேன் என்று கேட்கத் தோன்றவில்லை. மழை விட்டபோது அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரியாகியிருந்தது.

ஜூன் வரை விற்கவில்லை. அதற்குள் பார்.

கஷாயம் போட்டுக் குடி.

அன்புடன்
அம்மா

*

மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

சளி போய்விட்டது. கரிந்த பாத்திரத்தை ஊறவைத்துத் தேய், நகத்தால் சுரண்டாதே.

நானும் நெட்டையும் இன்ஷூரன்ஸ் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கதை. கடைசியாகப் போன இடத்தில் கொஞ்சம் சிரித்த முகமாக ஒருவர் இருந்தார். எல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்துவிட்டுத் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"வயசு இருபது. லைசென்ஸ் எடுத்து ரொம்ப நாள் ஆகல. ஸ்டூடண்ட் வேற. உங்களைப் பார்த்தாலே கம்ப்யூட்டர் நடுங்குதும்மா."

அவர் சொன்ன தொகைக்கு அந்தப் பழைய காரையே வாங்கிவிடலாம்! நெட்டை சும்மா இருப்பாளா? "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்னது உனக்காகத்தான்டி" என்றாள். என் பெயருக்குப் பொருத்தமாக ஒரு பழமொழி கிடைத்துவிட்டது என்று அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல ரொம்ப வருஷமா ஓட்டற பெரியவங்க யாராவது இருக்காங்களா? அவங்களை முதன்மை ஓட்டுநர்னு போட்டுட்டு, நீங்க எப்பவாவது ஓட்டறதா காட்டிட்டா நல்லாவே குறையும். எல்லாரும் செய்யறதுதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பெரிய மாமாவின் பெயரைப் போடலாமா அம்மா? பெயர் மட்டும்தான். நீ கேட்டால் மறுக்க மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டு

*

மார்ச் 17

அன்புச் சுண்டுவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

மாமாவைக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. அவர் இருப்பது ஒரு மூலை, கார் இருப்பது ஒரு மூலை. அவர் எப்போது வந்து அதை ஓட்டப் போகிறார்? பொய் சொல்லி வாங்கிய குடை மழை வரும்போது விரியாது. என் மேஜைக்கு வருகிற போன்களில் பாதி, ரோட்டில் அடிபட்டவர்களைத் தேடி வருகிறவை. "இப்பதான் கிளம்பிப் போனான்மா, அவன் பேர் இருக்கா பாருங்க" என்று அவர்கள் கேட்கிற குரலை நீ கேட்டதில்லை. அப்படி ஒரு நாளில் போய், எழுதிக் கொடுத்தது பொய் என்று எவனும் நம்மிடம் சொல்லக் கூடாது.

வேறு வழி பார்ப்போம். உண்மையான வழி.

மெக்கானிக்கிடம் அந்த ஆளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரிக்கு மட்டும் உயிர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம். வண்டி கிளம்பும்போது அப்பா இடது காலை அவ்வளவு மெதுவாக எடுப்பாரே, எதற்கு? சும்மாதான் கேட்கிறேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கேட்டதில்லை.

அன்புடன்
அம்மா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ திட்டியதும் நியாயம். நெட்டைகூட "உங்கம்மா சொல்றதுதான் சரி" என்று கட்சி மாறிவிட்டாள்.

அது கிளட்ச் அம்மா. எஞ்சினும் சக்கரமும் ஒன்றோடொன்று சேருகிற இடம். சட்டென்று காலை எடுத்தால் வண்டி குதித்து அணைந்துவிடும். எனக்குக் கற்றுக்கொடுத்தபோது அப்பா சொன்னார்: "தூங்கற குழந்தை தலைக்கு அடியிலேர்ந்து கையை எடுப்பியே, அப்படி எடு." அப்போது எனக்கு எந்தக் குழந்தையையும் தூங்கவைத்துப் பழக்கம் இல்லை. மூன்று வாரம் குதித்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நூல் அளவு முன்னேற்றம். வண்டிக்குள் ஒரு சின்னக் கருவி வைப்பார்களாம். நாம் எப்படி பிரேக் போடுகிறோம், எவ்வளவு வேகம் போகிறோம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஒழுங்காக ஓட்டினால் தொகை குறையும். சிறு சேதத்தை நாமே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் இன்னும் கொஞ்சம் குறையும். எல்லாம் குறைந்த பிறகும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. மாலையில் படிக்க உட்கார்ந்தால், பாடப் புத்தகத்து மாடுகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து பனிக்குள் போகின்றன.

போன வாரம் மனசு கேட்காமல் இரண்டு தடவை சாயங்காலம் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வேலை நேரம் மாறிவிட்டதா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

சுண்டு

*

மே 12

அன்புச் சுண்டுவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்காலில் சின்னதாக ஓர் இடி, நீலம் பாரித்திருக்கிறது, மற்றபடி நலம்.

ஒரு கனவு வந்தது. நம் தெருவில் வீடுகளுக்குப் பதில் தண்ணீர். நம் கார் அதன்மேல் சத்தமில்லாமல் போகிறது. யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கத் திரும்பினால் அந்தப் பக்கம் இருக்கையே இல்லை. விழித்தபோது இடது கால் மட்டும் வலித்தது.

நன்றாகப் படி. நெட்டைக்கு என் அன்பு.

அம்மா

*

மே 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் நேராகவே கேட்கிறேன்.

எதிர்வீட்டு டெய்லர் அக்கா எனக்குப் போன் செய்தார். "உங்கம்மா சாயந்திரமானா ஒரு வெள்ளைக் கார்ல வந்து தெருமுனையில இறங்கறாங்க. கண்ணாடி போட்ட ஒரு ஆளு. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டு நிக்கறாங்க. நான் தப்பா ஒண்ணும் சொல்லலம்மா, பார்த்ததைச் சொன்னேன்" என்றார். பார்த்ததை மட்டும் சொல்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடவே பார்க்கிறார்கள். அவரிடம் பேசிப் போனை வைத்துவிட்டு மாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் கோபம் வந்தது, ஒளித்துவைக்க மாட்டேன். பிறகு, வீட்டில் தனியாக நீ இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு தட்டை எடுத்து வைப்பது நினைவுக்கு வந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அம்மா, யாராக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. நீ சிரித்ததாக அக்கா சொன்னார். அது எனக்குப் போதும். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

காரை விற்றுவிடு. அது ஷெட்டில் நிற்பதே உனக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கே போகிறேன் என்று பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

முழங்காலுக்கு மருந்து போடு.

சுண்டு

*

ஜூன் 15

என் அருமை அசட்டுச் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. நலமாக இருக்கிறேன். இப்போது உண்மையாகவே.

வெள்ளைக் காரின் உச்சியில் 'பயிற்சி வாகனம்' என்று ஒரு பலகை உண்டு. நம் தெரு நெருங்கும்போது அதைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளும்படி நான்தான் அவரைக் கெஞ்சுவேன். ஐம்பது வயதில் ஒருத்தி கார் பழகுகிறாள் என்று டெய்லர் அக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஊரைக் கூட்டிவிடுவாளே என்று பயம். வேறு விதமாகக் கூட்டிவிட்டாள். பயிற்சிக்காரருக்கு ஆறு பேரக்குழந்தைகள். அவர் சிரிப்பது நான் ஓட்டுவதைப் பார்த்து.

முதல் வாரம் எதிரே லாரி வந்ததும் நான் "பிரேக், பிரேக்!" என்று கத்தினேன். அவர் அலுங்காமல், "பிரேக் உங்க கால்ல இருக்கும்மா, வாயில இல்ல" என்றார். பிறகு ஒரு நாள் முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் இடித்தது. முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்து, தோற்றுப்போனேன். அன்று வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்து எழுதாமல் எழுந்துவிட்டேன். தோற்றதை எழுதினால் ஏன் ஆரம்பித்தேன் என்றும் எழுத வேண்டுமே. போன வாரம் தேறிவிட்டேன்.

ஏன் என்றால், உனக்காக. முதன்மை ஓட்டுநர் என்று ஒரு பெரியவர் வேண்டும் என்றாயே. பொய்யாக ஒருவரைப் போடுவதற்குப் பதில் நிஜமாக ஒருவரை உண்டாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது.

லைசென்ஸோடு நம் ஊர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உண்மையாவே நீங்கதான் அதிகமா ஓட்டுவீங்களா? பொண்ணுக்காகப் பேரைப் போடறீங்களா?"

"கார் நிக்கறது என் வீட்ல. வேலைக்குப் போறது நான். வேற யாரு ஓட்டுவா?" என்றேன். ஆறு வாரம் நீ பயிற்சிக்கு ஓட்டுவாய் என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். புது லைசென்ஸ் என்பதால் ரொம்பவும் மலிவில்லை. ஆனால் வயதும் வேலையும் பூட்டுகிற ஷெட்டும் எனக்காகப் பேசின. உன்னை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்தும் நம்மால் முடிகிற தொகையில் வந்து நின்றது.

ஆனால் ஒன்று. முதன்மை ஓட்டுநர் என்றால் முதன்மைதான். கார் இனிமேல் என்னுடையது. ஆகஸ்டில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

போய்ப் பேராசிரியர் காலில் விழு.

அன்புடன்
அம்மா

*

ஜூன் 26

அம்மா!

நலம், நலம், நலம். உன் கடிதத்தை நெட்டைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பிரேக் வாயில் இல்லை என்ற இடத்தில் அவள் கட்டிலிலிருந்து கீழே விழுந்தாள். என் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, மானம் போகிறது.

பேராசிரியர் காலில் விழவில்லை. ஆனால் கதவருகே நெடுநேரம் நின்றேன். "என்னம்மா, நாலு நாள்ல வண்டி முளைச்சிடுச்சா?" என்றார். "வண்டி இல்ல சார், அம்மா முளைச்சிட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும்விடத் தொலைவில் இருக்கிற பண்ணை ஒன்று மிச்சம் இருந்தது. யாரும் கேட்காததால் மிச்சம். எனக்குக் கொடுத்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். கார் உன்னுடையது என்று படித்தபோது உள்ளே எங்கோ சுருக்கென்றது. அப்பாவின் கார் எனக்குத்தான் வரும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. நீ இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டிருப்பாய். கண்ணாடியை உன் உயரத்துக்குத் திருப்பியிருப்பாய். அவர் உட்கார்ந்த அளவு இனி அதில் இல்லை. இதை நினைத்து ஒரு மாலை முழுக்க நடந்தேன். நடந்து முடித்தபோது, அந்த இருக்கையில் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் மிச்சம் இருந்தது.

முதன்மை ஓட்டுநர் அவர்களே, ஆகஸ்டில் ஆறு வாரம் காரைத் தந்து உதவ முடியுமா?

சுண்டு

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக ஊர் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா?

காரைக் கொடுத்துவிட்டு நீ ரயிலேறிப் போன மறுநாளே பண்ணையில் ஒரு பசு கன்று போட்டது. பண்ணைக்காரர் "கையைக் குடு" என்றார். அவ்வளவுதான் பாடம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து, நனைந்த காதுகளை உதறி, இந்த உலகம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று யோசிப்பதுபோலக் கிடந்தது. வெளியே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கார் கண்ணாடியில் பனி. நான் காரில் சாய்ந்து நின்றுகொண்டு, கையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

நீ வந்த அன்று விடுதி வாசலில் நாங்கள் காத்துக்கொண்டே இருந்தோம். வெகுநேரம் தாமதமாக வந்து, "ரயில்வே கேட்டில் நெரிசல்" என்றாய். அந்தப் பாதையில் ரயில்வே கேட்டே கிடையாது என்கிறாள் நெட்டை. சக்கரங்களில் ஈர மணல் வேறு ஒட்டியிருந்தது. உன் முகம் எப்படியோ இருந்தது. தூங்கி எழுந்த குழந்தை போல. கேட்கலாமா என்று நினைப்பதற்குள் நீ சாவியைக் கையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

வழியில் ஏதாவது ஆயிற்றா? வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பயந்துவிட்டாயா?

சுண்டு

*

ஆகஸ்ட் 18

அன்புச் சுண்டுவுக்கு,

இடம் கிடைத்தது. நலமாக வந்து சேர்ந்தேன். கன்றுக்குட்டியைப் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். உன் கையைக் கழுவினாயா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

ரயில்வே கேட் பொய்தான். நெட்டை கெட்டிக்காரி.

விடியும்போது கிளம்பினேன். ரோடு முழுக்கப் பனி. எதிரே வருகிற வண்டிகள் முதலில் இரண்டு வெளிச்சமாகவும் பிறகு ஒரு சத்தமாகவும் கடந்து போயின. முதலில் கை வேர்த்தது. கொஞ்ச தூரம் போனதும் வேர்வை நின்றது. பிறகு எனக்குக் கை இருப்பதே மறந்துபோயிற்று. பனி விலகினபோது இரண்டு பக்கமும் வயல். யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. யாரும் எந்த வார்டு என்று கேட்கச் சொல்லவில்லை.

உன் ஊருக்குத் திரும்புகிற இடம் வந்தது. பலகையைத் தெளிவாகப் பார்த்தேன். இடது பக்க விளக்கைக்கூடப் போட்டேன். திரும்பவில்லை.

ஏன் என்று கேட்காதே. அழுத்தின கால் எழவில்லை, அவ்வளவுதான். அப்பா இருந்தபோது அவர் போகிற இடத்துக்குப் போனேன். அவர் போன பிறகு உன் மாமாவும் அக்கம்பக்கத்தாரும் என்னை ஏற்றிக்கொண்டு போய் அவரவர் நினைத்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். நல்லவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஒரு ரோடு எங்கே முடிகிறது என்று பார்க்க நான் போனதில்லை. அன்று போனேன். அது ஒரு பெரிய ஏரிக்கரையில் போய் மணலாகி முடிந்தது. தண்ணீர் அசையாமல் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல், கையை ஸ்டியரிங்மேலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அப்பாவை நினைத்தேனா என்றால், அதுவும் இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அதனால்தான் வாசலில் உன் முகத்தைப் பார்த்ததும் நெரிசல் என்று சொல்லிவிட்டேன்.

உனக்காகத்தான் பழகினேன் என்று எழுதியிருந்தேன். அது ஆரம்பத்தில் உண்மை.

சக்கரம் மணலில் கொஞ்சம் புதைந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. ரிவர்ஸ் போட்டு, மெல்லக் காலை எடுத்து, நானே வெளியே எடுத்தேன்.

பயிற்சி முடிகிற அன்று ரயிலில் வருகிறேன். காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். நெட்டைக்கும் லீவு இருந்தால் அவளையும் கூட்டி வா. வீட்டுக்குப் போகிற வழியில் உங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஏரியைக் காட்டுகிறேன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கட்டும்.

அன்புடன்
அம்மா